டென்ஷன் மாத்திரை: உடனே கேட்பதும் மெதுவாகக் கேட்பதும்

பதற்றத்துக்காக முதன்முறை டாக்டரிடம் போய் வருபவர்களின் சீட்டில் பெரும்பாலும் இரண்டு மருந்துகள் இருக்கும். எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம், காலை சாப்பாட்டுக்குப் பிறகு. குளோனசெபாம் 0.25 மில்லிகிராம், ராத்திரி படுக்கும்போது. பெயர்கள் கொஞ்சம் மாறலாம். எஸ்சிட்டலோபிராமுக்குப் பதில் செர்ட்ராலினோ பராக்செட்டினோ இருக்கலாம். குளோனசெபாமுக்குப் பதில் அல்பிரசோலமோ எடிசோலமோ இருக்கலாம். ஜோடியின் அமைப்பு மட்டும் அநேகமாக அப்படியேதான் இருக்கும்.

மருந்துக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவன் என்பதால் இந்த ஜோடிக்கு அப்புறம் என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இரண்டு வாரம் கழித்து அதே சீட்டோடு வருவார்கள். “ராத்திரி போடுற அந்தச் சின்ன மாத்திரை மட்டும் ஒரு அட்டை குடுங்க தம்பி. காலை மாத்திரை ஒண்ணும் கேக்கல, வயித்தைத்தான் பெரட்டுது.”

சீட்டு எழுதிய டாக்டர் நினைத்தது இதற்கு நேர் எதிர். ராத்திரி மாத்திரை சில வாரங்களுக்கு மட்டும். காலை மாத்திரைதான் மாதக் கணக்கில் ஓட வேண்டியது. நிறுத்த வேண்டியதைத் தொடர்கிறார்கள், தொடர வேண்டியதை நிறுத்திவிடுகிறார்கள். இதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு மாத்திரை போட்ட அரை மணி, ஒரு மணி நேரத்தில் உடம்பு தளர்கிறது, தூக்கம் வருகிறது. இன்னொன்று முதல் வாரம் முழுக்கக் குமட்டலை மட்டும் கொடுக்கிறது. எதை நம்பத் தோன்றும்? இந்த வேக வித்தியாசம் ஏன் என்று புரிந்துவிட்டால் பதற்றத்துக்கான மருந்துகளில் முக்கால்வாசி புரிந்த மாதிரிதான்.

எதற்கு மாத்திரை

முதலில் ஒரு விஷயம். ஸ்ட்ரெஸ்ஸுக்கு என்று தனியாக மாத்திரை கிடையாது. கடன், மேலதிகாரியின் தொல்லை, மகள் கல்யாணச் செலவு, பரீட்சை என்று வெளியில் ஒரு காரணம் இருந்து, அது தீர்ந்ததும் மனசும் இறங்கி வந்துவிட்டால் அது வாழ்க்கையின் அழுத்தம். அதற்கு மருந்து எழுதினாலும் தூக்கத்துக்காகச் சில நாட்களுக்கு எழுதுவார்கள், அவ்வளவுதான்.

மருந்து உண்மையில் குறி வைப்பது பதற்ற நோய்களை. காரணம் போன பிறகும் பதற்றம் போகாமல் நிற்பது, அல்லது காரணமே இல்லாமல் வருவது. இவற்றில் சில வகைகள் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல், பெரும்பாலான நாட்கள், எதைப் பற்றியாவது கவலை ஓடிக்கொண்டே இருந்து, கழுத்தும் தோளும் இறுகி, தூக்கம் கெட்டு, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வந்தால் அது பொதுப் பதற்ற நோய். நாலு பேர் முன்னால் பேசவோ சாப்பிடவோகூட முடியாத அளவுக்குக் கூச்சமும் பயமும் இருந்தால் அது சமூகப் பதற்றம்.

மூன்றாவது வகை பீதித் தாக்குதல். பலரும் ‘பேனிக் அட்டாக்’ என்றே சொல்கிறார்கள். திடீரென்று நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், கை மரத்துப்போகும், இதோ செத்துவிடப் போகிறோம் என்று தோன்றும். மாரடைப்பு என்று நினைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுவார்கள். ஈசிஜி நார்மல். “ஒண்ணும் இல்லை, கேஸ்தான்” என்று அனுப்பிவிடுவார்கள். அடுத்த வாரம் மறுபடி ஓடுவார்கள். இப்படி நாலைந்து முறை அலைந்த பிறகுதான் பலர் மனநல மருத்துவரிடம் போய்ச் சேர்கிறார்கள். முதல் தடவை வந்த நெஞ்சுப் படபடப்பை இதயம் இல்லை என்று உறுதி செய்துகொள்வது சரிதான், அதில் தப்பே இல்லை. நாலாவது ஈசிஜிக்குப் பிறகும் அங்கேயே தேடிக்கொண்டிருப்பதுதான் வீண்.

நல்ல டாக்டர் மாத்திரை எழுதும் முன் வேறு சிலவற்றையும் கேட்பார். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் கை நடுங்கும், இதயம் வேகமாக அடிக்கும், தூக்கம் வராது; பார்ப்பதற்கு அப்படியே பதற்ற நோய்தான். ரத்த சோகையிலும் படபடப்பு வரும். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலருக்கும் அந்தக் குணம் உண்டு. ஒரு நாளைக்கு ஏழெட்டு காபி, டீ குடிப்பவருக்கு முதல் மருந்து அதைக் குறைப்பதுதான். ராத்திரி குடித்துவிட்டுக் காலையில் நடுங்குபவரின் கதையே வேறு. இதை எல்லாம் பார்க்காமல் முதல் நிமிடத்திலேயே அல்பிரசோலம் எழுதினால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

உடனே கேட்கும் மாத்திரை

குளோனசெபாம், அல்பிரசோலம், லோரசெபாம், டயசெபாம், குளோர்டயசெபாக்சைடு எல்லாம் ஒரே குடும்பம்: பென்சோடயசெபின்கள். பெயரின் கடைசியில் ‘செபாம்’ அல்லது ‘சோலம்’ என்று வந்தால் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். எடிசோலம் ரசாயன அமைப்பில் கொஞ்சம் விலகிய பங்காளி, குணத்தில் இதேதான். ஜப்பானிலும் இந்தியாவிலும் புழங்கும் அந்த மாத்திரைக்கு அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடையாது.

இந்தக் குடும்பத்தின் முதல் ஆள் குளோர்டயசெபாக்சைடு. ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தின் அமெரிக்க ஆய்வகத்தில் லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர் 1950களின் நடுவில் ஒரு வரிசை ரசாயனங்களைச் செய்து பார்த்து, எதுவும் தேறாமல் அந்த வேலையைக் கைவிட்டிருந்தார். 1957-ல் ஆய்வகத்தை ஒழித்துச் சுத்தம் செய்தபோது சோதிக்கப்படாமல் கிடந்த ஒரு பொடி கண்ணில் பட்டது. தூக்கிப் போடாமல் சோதனைக்கு அனுப்பினார்கள். விலங்குகள் மயங்கி விழாமலே சாதுவாயின. 1960-ல் அது ‘லிப்ரியம்’ என்று கடைக்கு வந்தது, 1963-ல் அதன் தம்பி டயசெபாம் ‘வேலியம்’ என்று வந்தது. 1970களில் அமெரிக்காவில் வேலியம் விற்ற மாதிரி வேறு எந்த மருந்தும் விற்கவில்லை.

அதற்கு முன் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் பார்பிட்யூரேட்டுகளைக் கொடுத்தார்கள். அவற்றில் அளவு கொஞ்சம் கூடினாலே மூச்சு நின்றுவிடும். அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் வேலியம் பெரிய முன்னேற்றம்தான். அதனாலேயே அதை மிட்டாய் மாதிரி எழுதவும் செய்தார்கள். பழக்கமாகும் என்பது பரவலாக உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின. 1988-ல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு இவற்றை இரண்டிலிருந்து நான்கு வாரம் வரைதான் கொடுக்க வேண்டும் என்று சொன்னது. 2020-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, இந்தக் குடும்பம் முழுவதற்கும் அடிமையாதல், உடல் பழகிப்போதல் பற்றிய கட்டம் கட்டிய எச்சரிக்கையைக் கடுமையாக்கியது.

எப்படி வேலை செய்கிறது? மூளையில் காபா என்று ஒரு ரசாயனம் இருக்கிறது. குடிக்கும் காபிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காபி உசுப்பிவிடும், இது அடக்கும். நரம்பு அணுவின் மேல் இருக்கும் ஒரு வாசலில் காபா வந்து ஒட்டினால் வாசல் திறந்து குளோரைடு உள்ளே போகும், அந்த அணு கொஞ்ச நேரம் அடங்கும். வண்டியின் பிரேக் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பென்சோடயசெபின் பிரேக்கை மிதிப்பதில்லை. காபா மிதிக்கும்போது பிரேக் கூடுதலாகப் பிடிக்கும்படி செய்கிறது. இந்த வேலைக்கு எந்த முன்னேற்பாடும் தேவையில்லை. மருந்து ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனதும் நடக்கும். அதனால்தான் அந்த வேகம்.

தினமும் பிரேக் இப்படிப் பிடித்துக்கொண்டே இருந்தால் மூளை சும்மா இருக்காது. சில வாரங்களில் அது காபாவுக்குக் காது கொடுப்பதைக் குறைத்துக்கொள்கிறது, உசுப்பிவிடும் பக்கத்தைக் கூட்டிக்கொள்கிறது. முதல் மாதம் 0.25-ல் வந்த தூக்கம் அப்புறம் 0.5 கேட்கும். மாத்திரையை ஒரு நாள் விட்டால் பழைய பதற்றம் இரட்டிப்பாக வந்து நிற்கும். “பாருங்க, மாத்திரை இல்லாம என்னால முடியல, நோய் அவ்வளவு கடுமை” என்று நோயாளி நினைப்பார். அதில் ஒரு பங்கு நோய், மீதி மாத்திரை விட்ட வினை.

திடீரென நிறுத்துவது வெறும் அசௌகரியம் மட்டும் இல்லை. மாதக் கணக்கில் போட்டவர் ஒரே நாளில் விட்டால் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை எல்லாம் வரும். சிலருக்கு வலிப்பு வரும், அது உயிரையே எடுக்கலாம். எனவே இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் ராத்திரி மாத்திரையைக் குப்பையில் போட வேண்டாம். டாக்டரிடம் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக, சில வாரங்கள் அல்லது மாதங்கள் எடுத்து இறக்க வேண்டும். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை அப்போதைய அளவில் 5 முதல் 10 சதவீதம் குறைப்பது இப்போது அமெரிக்க வழிகாட்டுதல் சொல்லும் வேகம். எவ்வளவு நிதானம் பாருங்கள்.

குடும்பத்துக்குள்ளும் எல்லாம் ஒன்று இல்லை. அல்பிரசோலம் உடம்பில் பாதியாகக் குறைய சுமார் 11 மணி நேரம் ஆகும். குளோனசெபாமுக்கு 30 முதல் 40 மணி. டயசெபாமுக்கு இன்னும் நீளம். கல்லீரல் அதை உடைத்து உண்டாக்கும் பொருளும் நாட்கணக்கில் வேலை செய்யும். அல்பிரசோலம் சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் இறங்குவதால் அடுத்த வேளை வருவதற்குள்ளேயே உடம்பு கேட்க ஆரம்பிக்கும். அதை விடுவது கூடுதல் கஷ்டமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பீதித் தாக்குதலுக்கு பர்ஸில் அல்பிரசோலம் வைத்துக்கொள்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது. தாக்குதல் பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுத் தானாகவே இறங்கத் தொடங்கும். மாத்திரை வேலை செய்ய அரை மணியாவது ஆகும். மாத்திரை வந்து சேரும்போது தாக்குதல் பாதி கிளம்பிவிட்டிருக்கும், பெயர் மட்டும் மாத்திரைக்குப் போகும். அப்புறம் மாத்திரை கையில் இல்லாமல் பஸ் ஏறவே பயம் வரும்.

சாராயத்தோடு இது சேரவே கூடாது. டிரமடால் போன்ற ஓபியாய்டு வலி மருந்துகளோடும் அப்படித்தான். எல்லாமே மூச்சை மந்தப்படுத்துபவை, சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகலாம். வேடிக்கை என்னவென்றால் குடியை நிறுத்தும்போது வரும் நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் குடிநோய்ப் பிரிவுகளில் கொடுப்பது இதே குளோர்டயசெபாக்சைடைத்தான். சாராயமும் அதே காபா வாசலில்தான் கை வைக்கிறது என்பதால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்து மெதுவாக இறக்க முடிகிறது. அது மருத்துவமனையில், கண்காணிப்பில் செய்யும் வேலை.

வயதானவர்கள் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. எழுபது வயது அம்மா தூங்கவில்லை என்று பழைய சீட்டை வைத்துக்கொண்டு வருடக் கணக்கில் வாங்கிப் போவார்கள். அந்த வயதில் இந்த மாத்திரை ராத்திரி பாத்ரூம் போகும்போது தள்ளாட வைக்கும். விழுந்தால் இடுப்பு எலும்பு. ஞாபகமும் குழம்பும், வீட்டில் ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடுவார்கள். இளவயதினர் இரவு போட்டுவிட்டு அதிகாலையில் லாரியோ பைக்கோ எடுப்பதும் ஆபத்துதான்.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சிவப்புக் கோடு, சிவப்பு எழுத்தில் ‘என்ஆர்எக்ஸ்’ குறி இருக்கும். போதைப்பொருள் சட்டத்துக்கு உட்பட்ட மருந்து என்று அர்த்தம். அல்பிரசோலம், டயசெபாம், தூக்கத்துக்கான சோல்பிடெம் போன்றவை 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. விற்கும்போது டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். எனவே சீட்டு இல்லாமல் கொடுக்க மாட்டேன் என்று மெடிக்கல்காரர் சொன்னால் அவர் பந்தா காட்டவில்லை.

மெதுவாகக் கேட்கும் மாத்திரை

காலை மாத்திரையின் குடும்பத்துக்கு எஸ்எஸ்ஆர்ஐ என்று பெயர். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்செட்டின், பராக்செட்டின் இதில் அடங்கும். இவை மனச்சோர்வு நோய்க்கான மருந்துகளாகத்தான் வந்தன. ஃப்ளூவாக்செட்டினுக்கு அமெரிக்கா 1987-ல் அனுமதி கொடுத்தது. அப்புறம்தான் பதற்ற நோய்களுக்கும் இவை நன்றாகக் கேட்பது தெரிந்தது. ‘எனக்கு டிப்ரெஷன் இல்லையே, அட்டையில் வந்த தாளில் டிப்ரெஷன் மருந்து என்று போட்டிருக்கிறதே, டாக்டர் தப்பாக எழுதிவிட்டாரா’ என்று கேட்பவர்கள் நிறையப் பேர். தப்பில்லை. பொதுப் பதற்ற நோய்க்கும் பீதித் தாக்குதலுக்கும் இன்று முதலில் கையில் எடுக்கும் மருந்தே இதுதான். பிரிட்டனின் வழிகாட்டுதல் பொதுப் பதற்ற நோய்க்குச் செர்ட்ராலினை முதலில் பார்க்கச் சொல்கிறது. பென்சோடயசெபினை நெருக்கடி நேரத்தில் கொஞ்ச நாளைக்கு மட்டும் என்கிறது.

நரம்பு அணுக்கள் ஒன்றோடொன்று பேச செரட்டோனினை வெளியே விட்டு, பேசி முடித்ததும் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இந்த மாத்திரை உறிஞ்சும் பாதையை அடைக்கிறது. அந்த அடைப்பு முதல் நாளே, சில மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. ஆனால் பலன் தெரிய இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரம் வரை ஆகிறது. ஏன்? செரட்டோனின் வெளியே கூடியதும் மூளை முதலில் அதன் உற்பத்தியை அடக்கப் பார்க்கிறது. அந்த அடக்கும் உணர்விகள் களைத்து விலகவும், அணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் புதிய நிலைமைக்குத் தகுந்த மாதிரி மாறவும் நாள் பிடிக்கிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ‘உங்களுக்குச் செரட்டோனின் குறைவு, அதை நிரப்புகிறோம்’ என்று எளிமையாகச் சொல்லிவிடுவார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆராய்ச்சிகள் அந்தக் கதையைத் தாங்கவில்லை. மருந்து கேட்கிறது என்பது வேறு, நோய்க்குக் காரணம் அதுதான் என்பது வேறு.

முதல் பத்து நாள்தான் சோதனை. குமட்டல், பேதி, தலைவலி, வாய் உலர்வது. இதைவிட மோசம், சிலருக்குப் பதற்றமே கொஞ்சம் கூடும், கால் நிலைகொள்ளாமல் தவிக்கும். பதற்றத்துக்குப் போட்ட மாத்திரையால் பதற்றம் கூடினால் யார்தான் தொடர்வார்கள்? இதனால்தான் எஸ்சிட்டலோபிராமைப் பலருக்கு 5 மில்லிகிராமில் தொடங்கி ஒரு வாரம் கழித்து 10 ஆக்குவார்கள். இதனால்தான் முதல் சில வாரங்களுக்குத் துணையாகக் குளோனசெபாமும் எழுதுவார்கள். இப்போது அந்த ஜோடியின் கணக்கு தெரிகிறதல்லவா? ராத்திரி மாத்திரை, காலை மாத்திரை கால் ஊன்றும் வரைக்கும் தாங்கிப் பிடிக்கத்தான்.

இங்கே ஒரு சிக்கல். நம் ஊரில் இந்த இரண்டையும் ஒரே மாத்திரையாகச் சேர்த்தே விற்கிறார்கள். பிராண்டு பெயருக்குப் பின்னால் ‘ப்ளஸ்’ அல்லது வேறு ஏதாவது ஒட்டு இருக்கும். பெட்டியில் எஸ்சிட்டலோபிராம் 10, குளோனசெபாம் 0.5 என்று இரண்டு வரி எழுதியிருக்கும். ஒரே மாத்திரை, மறக்காது, விலையும் குறைவு. ஆனால் நாலு வாரத்தில் ஒன்றை மட்டும் இறக்க வேண்டும் என்றால் முடியாது. எஸ்சிட்டலோபிராமை வருடம் முழுக்கப் போட்டால் குளோனசெபாமும் கூடவே வருடம் முழுக்க உள்ளே போகும். தான் போடுவதில் தூக்க மருந்து கலந்திருப்பதே தெரியாமல் இரண்டு மூன்று வருடமாகப் போடுபவர்கள் உண்டு. உங்கள் அட்டையின் பின்பக்கத்தை இன்றைக்கே படித்துப் பாருங்கள். இரண்டு பெயர் இருந்தால் அடுத்த முறை டாக்டரிடம், “இதை எப்போ தனித்தனியா மாத்தலாம்?” என்று கேளுங்கள்.

யாரும் வாய் திறந்து கேட்காத பக்க விளைவு ஒன்று உண்டு. எஸ்எஸ்ஆர்ஐ உடலுறவில் ஆர்வத்தைக் குறைக்கலாம், ஆண்களுக்கு விந்து வெளியேறத் தாமதமாகலாம், பெண்களுக்கு உச்சம் வராமல் போகலாம். இது அபூர்வம் அல்ல. டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு மாத்திரையையே விட்டுவிடுகிறார்கள், வீட்டில் சண்டையும் வருகிறது. சொன்னால் அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூட வாய்ப்பு இருக்கிறது என்று எஃப்டிஏ 2004-ல் சிறுவர்களுக்கும் 2007-ல் 24 வயது வரையிலான இளைஞர்களுக்கும் எச்சரிக்கை கொடுத்தது. அந்த வாரங்களில் வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வது நல்லது. வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கிக் குழப்பம் வரலாம். ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் போன்றவற்றோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவுக்கான வாய்ப்பு கூடும். டிரமடால் வலி மாத்திரை இங்கேயும் பிரச்சினைதான்; செரட்டோனின் அளவுக்கு மீறி ஏறிக் காய்ச்சல், நடுக்கம், உடல் விறைப்பு வரலாம். பல் டாக்டரிடம் போனாலும் என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

இவை போதை தருவதில்லை. அளவைக் கூட்டிக்கொண்டே போகத் தோன்றாது. ‘மனநல மாத்திரை என்றாலே அடிமையாக்கிவிடும்’ என்று சொல்பவர்கள் இரண்டு குடும்பத்தையும் ஒரே பைக்குள் போட்டுவிடுகிறார்கள். அதன் விளைவு, பயப்பட வேண்டாத மாத்திரைக்குப் பயந்து, பயப்பட வேண்டியதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வது.

வென்லாஃபாக்சின், டுலாக்செட்டின் ஆகியவை இதன் ஒன்றுவிட்ட குடும்பம். செரட்டோனினோடு நார்அட்ரினலின் என்ற இன்னொரு நரம்பு ரசாயனத்தையும் திரும்ப உறிஞ்சவிடாமல் தடுக்கும். ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றலாம் என்பதால் பிபி பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேடை நடுக்கத்துக்கு ஒரு மாத்திரை

புரோப்ரனலால் இந்த இரண்டிலும் சேராது. ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1960களில் நெஞ்சுவலிக்காகக் கண்டுபிடித்த இதய மருந்து அது. அதற்கும் வேறு சில மருந்துகளுக்குமாக 1988-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அட்ரினலின் இதயத்தில் போய் ஒட்டும் இடத்தை இது மறித்துக்கொள்ளும். எனவே நெஞ்சு படபடக்காது, கை நடுங்காது. மனசுக்குள் ஓடும் கவலையை இது நேரடியாகத் தொடுவதில்லை. ஆனாலும் உடம்பு அமைதியாக இருப்பதைப் பார்த்து மனசும் கொஞ்சம் அடங்கும்.

நேர்முகத் தேர்வு, கச்சேரி, மேடைப் பேச்சு மாதிரி நேரம் குறித்த பயத்துக்கு, ஒரு மணி நேரம் முன்னால், 10 முதல் 40 மில்லிகிராம் வரை டாக்டர்கள் எழுதுவதுண்டு. கையை எவ்வளவு நிலைப்படுத்தும் என்பதற்கு விளையாட்டுத் துறையிலேயே சாட்சி இருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வாங்கிய வடகொரிய வீரர் கிம் ஜோங்-சுவின் உடலில் புரோப்ரனலால் இருந்ததால் இரண்டு பதக்கமும் பறிக்கப்பட்டன.

ஆஸ்துமா உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது, மூச்சுக்குழாய் இறுகிவிடும். இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இது மறைத்துவிடும், எச்சரிக்கை மணி கேட்காமலே மயங்கி விழலாம். நாடித்துடிப்பு ஏற்கெனவே குறைவாக இருப்பவர்களுக்கும் ஆகாது. நண்பர் கொடுத்தார் என்று இன்டர்வியூ காலையில் முதல் தடவையாகப் போட்டுப் பார்ப்பது மடத்தனம்.

மிச்சம் இருக்கும் சில மருந்துகள்

பஸ்பிரோன் என்று ஒன்று. 1986 முதல் அமெரிக்காவில் இருக்கிறது. பழக்கமாகாது, தூக்கம் வராது, ஆனால் பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். பொதுப் பதற்ற நோய்க்கு மட்டும்தான் உதவும், பீதித் தாக்குதலுக்கு உதவாது. ஹைட்ராக்சிசின் அரிப்புக்குக் கொடுக்கும் அலர்ஜி மருந்துதான். பதற்றத்தையும் கொஞ்சம் தணிக்கும், வாய் உலரும், தூங்க வைக்கும். பிரிகாபலின் நரம்பு வலி மாத்திரை. ஐரோப்பாவில் 2006 முதல் பொதுப் பதற்ற நோய்க்கும் அனுமதி பெற்றது. அதையும் சிலர் போதைக்குப் பயன்படுத்த ஆரம்பித்ததால் பிரிட்டன் 2019-ல் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. இமிப்ரமின் போன்ற பழைய மருந்துகள் வாயை உலர்த்தும், மலச்சிக்கல் தரும், அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும் என்பதால் இன்று பின்வரிசையில்.

மாத்திரை இல்லாத வழியும் ஒன்று இருக்கிறது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை எனப்படும் பேச்சு சிகிச்சை பதற்ற நோய்களுக்கு மாத்திரைக்குச் சமமாகவே பலன் தருகிறது. நம் ஊரில் அதை முறையாகச் செய்பவர்கள் குறைவு, வாரா வாரம் போக வேண்டும், காசும் ஆகும். எனவே பலருக்கு மாத்திரைதான் கைக்கெட்டுகிறது. மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். பேச்சு சிகிச்சை தரும் உளவியலாளர் மாத்திரை எழுத மாட்டார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநல வெளிநோயாளர் பிரிவு உண்டு, மாத்திரையும் இலவசம். எங்கே போவது என்றே தெரியவில்லை என்றாலோ, உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தாலோ டெலி மனஸ் எண் 14416-ஐ எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

நிறுத்துவது எப்போது

நன்றாக ஆனதும் காலை மாத்திரையை நிறுத்திவிடத் தோன்றும். பதற்றம் அடங்கிய பிறகும் குறைந்தது ஆறு மாதம், பொதுவாக ஒரு வருடம் வரை தொடரச் சொல்வார்கள். சீக்கிரம் விட்டவர்களுக்குத் திரும்ப வருவது அதிகம். கர்ப்பம் தரித்தது தெரிந்த அன்றே பயந்து தானாக நிறுத்துபவர்களும் உண்டு. தொடர்வதா, மாற்றுவதா என்பதை டாக்டரோடு சேர்ந்து எடை போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நிறுத்தும்போது இதையும் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். அடிமையாக்காத மாத்திரை என்றேனே, அப்புறம் ஏன் என்று கேட்கலாம். போதைக்கு ஏங்குவது வேறு, உடம்பு ஒரு மருந்துக்குப் பழகியிருப்பது வேறு. திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், விசித்திரக் கனவுகள், தலைக்குள் மின்சாரம் சுரீர் என்று பாய்வது போன்ற உணர்வு எல்லாம் வரும். பராக்செட்டினிலும் வென்லாஃபாக்சினிலும் இது அதிகம். ஃப்ளூவாக்செட்டின் உடம்பை விட்டுப் போகவே வாரக்கணக்கில் ஆவதால் அதில் குறைவு.

இந்தத் தொந்தரவு வந்ததும் நோய் திரும்பிவிட்டது என்று பலர் பயந்துவிடுகிறார்கள். நாளைப் பார்த்தாலே ஓரளவு பிரித்துவிடலாம். மாத்திரையைக் குறைத்த இரண்டு மூன்று நாட்களில், தலைசுற்றலும் அந்த மின் அதிர்வும் சேர்ந்து வந்தால் அது மருந்து விட்ட வேலை. பழைய அளவுக்குத் திரும்பினால் ஓரிரு நாளில் அடங்கும், அப்புறம் இன்னும் மெதுவாக இறக்கிக்கொள்ளலாம். பல வாரம் நன்றாக இருந்துவிட்டு, பழைய கவலைகளே பழைய முகத்தோடு மெல்ல மெல்ல ஏறி வந்தால் நோய் திரும்புகிறது என்று அர்த்தம். அப்போது வீட்டில் மீந்து கிடக்கும் அட்டையைத் தேடாமல், நிறுத்திய தேதியையும் தொந்தரவு ஆரம்பித்த தேதியையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். அவர் முதலில் கேட்கப்போவதே அந்த இரண்டு தேதிகளைத்தான்.